சம்பளம் இருந்தது, வேலை இல்லை

குஜராத் மாநிலத்தில் ஆனந்த் என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று அது பாலுக்குப் பெயர் போன ஊர். ஆனால் 1949ஆம் ஆண்டில் அது புழுதி பறக்கும் சின்ன ஊர்.

அந்த ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி ஓர் இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் பெயர் வர்கீஸ் குரியன். வயது 27. இயந்திரப் படிப்புப் படித்தவர். அமெரிக்காவுக்கும் போய்ப் படித்தவர். ஆனந்தில் இருந்த அரசாங்கப் பால் நிலையத்தில் அவருக்கு வேலை.

அரசாங்க வேலை என்றால் சும்மாவா? மாதம் பிறந்தால் சம்பளம் வரும். யாரும் எளிதில் வேலையை விட்டு நீக்க முடியாது. இப்படி ஒரு வேலை கிடைக்காதா என்று எத்தனையோ பேர் ஏங்குகிறார்கள். ஆனால் குரியனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. என்ன காரணம்? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

மாமாவின் நிழல் வேண்டாம்

குரியன் கேரளத்தில் கோழிக்கோட்டில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1921. அவருடைய தந்தை மருத்துவர். குரியன் சென்னையில் லயோலா கல்லூரியில் படித்தார். பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தார்.

படிப்பு முடிந்ததும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அங்கே டாடா இரும்பு ஆலையில் சேர்ந்தார். அது பெரிய ஆலை. நிலையான வேலை. அவருடைய மாமா ஜான் மத்தாய் டாடா நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். பின்னாளில் அவர் இந்தியாவின் நிதி அமைச்சராகவும் ஆனார்.

மாமா பெரிய இடத்தில் இருந்தால் மருமகனுக்கு என்ன குறை? ஆனால் குரியனுக்கு அதுவே குறையாகத் தெரிந்தது. தான் எவ்வளவு உழைத்தாலும், மாமாவால் முன்னுக்கு வந்தவன் என்றுதான் பேசுவார்கள் என்று நினைத்தார். அந்த வேலையை விட்டு வெளியே வந்தார்.

அப்போது அரசாங்கம் இளைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. குரியனும் மனுப் போட்டார். பால் தொழிலைப் பற்றிப் படிக்கத்தான் அவருக்கு இடம் கிடைத்தது. பாலைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. பால் குடிப்பதும் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் வந்த வாய்ப்பை விடவில்லை. முதலில் பெங்களூரில் சில மாதம் பயிற்சி பெற்றார். பிறகு அமெரிக்கா போனார். 1948இல் திரும்பி வந்தார்.

அரசாங்கப் பணத்தில் படித்தால் அரசாங்கத்துக்கு வேலை செய்ய வேண்டும். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால்தான் அவரை ஆனந்துக்கு அனுப்பினார்கள்.

கையில் படிப்பு, செய்ய வேலை இல்லை

ஆனந்தில் குரியனுக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. அவர் திருமணம் ஆகாதவர். கிறிஸ்தவர். மாமிசம் சாப்பிடுபவர். அந்த நாளில் அந்த ஊரில் அப்படிப்பட்டவருக்கு வாடகைக்கு வீடு தர யாரும் முன்வரவில்லை. கடைசியில் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றைச் சீர்செய்து அதில் குடியிருந்தார்.

கொட்டகையில் இருப்பது கூடப் பெரிதில்லை. போன இடத்தில் வேலையே இல்லை. அதுதான் பெரிய துன்பம். பால் நிலையத்தில் அவர் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை எதுவும் நடக்கவில்லை. காலையில் போவார். மாலையில் வருவார். மாதக் கடைசியில் சம்பளம் வாங்குவார்.

வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவது சுகம் என்று சிலர் நினைக்கலாம். நாலு நாள் அப்படி இருந்து பார்த்தால் தெரியும். கை மரத்துப் போகும். கற்ற தொழில் மறந்து போகும். தன்னால் யாருக்கும் பயனில்லையே என்று மனம் குன்றிப் போகும்.

தனக்கு இங்கே வேலை இல்லை, தன்னை விட்டுவிடுங்கள் என்று குரியன் மேலிடத்துக்கு எழுதினார். ஒரு முறை அல்ல. மாதா மாதம் எழுதினார்.

பக்கத்தில் ஒரு சங்கம்

அந்தப் பால் நிலையத்தின் ஒரு பகுதியில் வேறொரு வேலையும் நடந்து வந்தது. விவசாயிகள் ஒன்று சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்திருந்தார்கள். அதற்குக் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர்.

அந்தச் சங்கம் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் ஒரு துணிச்சலான கதைதான்.

கேடா மாவட்ட விவசாயிகள் எருமை வளர்த்தார்கள். பால் சீக்கிரம் கெட்டுப் போகும் பொருள். நெல்லைப் போல அதை மூட்டை கட்டி வைக்க முடியாது. கறந்த சில மணி நேரத்தில் விற்றாக வேண்டும். அங்கே பாலை மொத்தமாக வாங்க ஒரே ஒரு தனியார் நிறுவனம்தான் இருந்தது. தரகர்கள் மூலம் பால் வாங்கினார்கள். அவர்கள் சொன்னதுதான் விலை. பம்பாயில் பால் நல்ல விலைக்குப் போனது. கறந்தவர் கைக்கோ கொஞ்சம்தான் வந்தது.

ஆனாலும் ஒன்று உண்டு. நாள் தவறாமல் பால் விற்றது. காசு குறைவு, ஆனால் நிச்சயம். அதை விடுவதா?

விவசாயிகள் சர்தார் வல்லபாய் படேலிடம் போனார்கள். சொந்தமாகச் சங்கம் வையுங்கள் என்று அவர் சொன்னார். அதற்காகச் சில நாள் நஷ்டம் வந்தாலும் தாங்க வேண்டும் என்றும் சொன்னார். 1946 ஜனவரியில் சமர்கா என்ற ஊரில் கூட்டம் நடந்தது. இனி அந்த நிறுவனத்துக்குப் பால் இல்லை என்று முடிவு செய்தார்கள். 15 நாள் பால் கொடுக்கவில்லை. அந்த மாவட்டத்திலிருந்து பம்பாய்க்குப் போன பால் நின்றது. பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது.

15 நாள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கறந்த பாலை விற்காமல் 15 நாள் இருந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? எருமைக்குத் தீனி எப்படி வந்திருக்கும்? அதைத் தாங்கியவர்களில் பெண்களே அதிகம். எருமையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தானே!

1946 டிசம்பர் 14ஆம் தேதி சங்கம் பதிவானது. திரிபுவன்தாஸ் படேல் என்பவர் தலைவர் ஆனார். அவர் விடுதலைப் போரில் சிறை சென்றவர். ஊர் ஊராக நடந்து மக்களைச் சேர்த்தவர். இரண்டு கிராமச் சங்கங்களோடு வேலை தொடங்கியது. முதலில் வந்த பால் நாளுக்குச் சுமார் 250 லிட்டர்தான்.

இரண்டு மாதம் என்று சொன்னார்

சங்கத்திடம் இருந்த இயந்திரங்கள் மிகப் பழையவை. அடிக்கடி நின்று போகும். அப்போதெல்லாம் திரிபுவன்தாஸ் பக்கத்தில் இருந்த குரியனைக் கூப்பிடுவார். குரியன் போய்ச் சரி செய்து தருவார். சும்மா இருப்பதை விட இது மேல் அல்லவா!

ஒரு நாள் குரியன் உண்மையைச் சொன்னார். இந்தப் பழைய இயந்திரத்தை இனி ஒட்டுப் போட முடியாது. புதியது வாங்குங்கள் என்றார். திரிபுவன்தாஸ் கடன் வாங்கிப் புதிய இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தார். அது பாலைச் சூடாக்கிக் குளிர வைக்கும் இயந்திரம். பாலை 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்து, உடனே குளிர வைத்தால் கிருமிகள் அழியும். பால் சீக்கிரம் கெடாது. சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பம்பாய்க்கு ரயிலில் அனுப்பலாம்.

அந்த நேரத்தில் குரியனுக்கு விடுதலை வந்தது. அரசாங்கம் அவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டது. அவர் பெட்டி கட்டினார். பம்பாய்க்குப் போய்விடலாம் என்று நினைத்தார். அமெரிக்காவில் படித்த இன்ஜினியருக்குப் பம்பாயில் வேலைக்கா பஞ்சம்?

திரிபுவன்தாஸ் வந்தார். புதிய இயந்திரம் வரப் போகிறது. அதைப் பொருத்தி ஓட வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார். சரி, இரண்டு மாதம் இருக்கிறேன் என்றார் குரியன்.

அந்த இரண்டு மாதம் முடியவே இல்லை. 2012இல் இறக்கும் வரை ஆனந்துதான் அவர் ஊர்.

எருமைப் பாலில் பொடி வருமா?

இயந்திரம் ஓடத் தொடங்கியது. நிறைய கிராமங்கள் சங்கத்தில் சேர்ந்தன. அப்போது புதிய சிக்கல் வந்தது.

குளிர்காலத்தில் எருமை அதிகம் கறக்கும். கோடையில் குறைந்து போகும். குளிர்காலத்தில் வந்த பால் முழுவதையும் பம்பாய் வாங்கவில்லை. மீந்த பாலை என்ன செய்வது? பொடியாக்கி வைத்தால் கெடாது. ஆனால் வெளிநாடுகளில் பசும்பாலில்தான் பொடி செய்தார்கள். எருமைப் பாலில் பொடி செய்ய முடியாது என்று அந்நாட்டு நிபுணர்கள் சொன்னார்கள்.

குரியனின் நண்பர் எச்.எம். தலாயா பால் தொழில்நுட்பம் அறிந்தவர். அவர் செய்து பார்த்தார். எருமைப் பாலிலும் பொடி வந்தது! 1955 அக்டோபர் 31ஆம் தேதி ஆனந்தில் பால்பொடித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

அந்தச் சங்கத்தின் பொருள்களுக்கு 'அமுல்' என்று பெயர் வைத்தார்கள். ஆனந்த் பால் சங்கம் என்பதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் அமுல் என்று வரும். விலைமதிப்பற்றது என்ற பொருள் தரும் 'அமூல்யம்' என்ற சொல்லையும் அது நினைவூட்டும்.

1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்த் அருகே ஒரு கிராமத்தில் ஓர் இரவு தங்கினார். மக்களோடு பேசினார். காலையும் மாலையும் எல்லாச் சாதியினரும் ஒரே வரிசையில் நின்று பால் ஊற்றும் முறை அங்கே இருந்தது. பாலின் கொழுப்பைச் சோதித்து, அதற்கு ஏற்பக் காசு கொடுத்தார்கள். நாடு முழுவதும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சாஸ்திரி விரும்பினார். 1965இல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. குரியன் அதன் தலைவர் ஆனார். வாரியத்தின் அலுவலகம் தில்லியில் அல்ல, ஆனந்தில்தான் இருக்க வேண்டும் என்றார். விவசாயிகள் சங்கம் தரும் சம்பளமே போதும் என்றும் சொல்லிவிட்டார்.

1970இல் 'வெண்மைப் புரட்சி' என்று நாம் சொல்லும் திட்டம் தொடங்கியது. 1996 வரை நடந்தது. 1950-51இல் இந்தியாவின் பால் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டன். 2022-23இல் அது சுமார் 23 கோடி டன். உலகில் அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இன்று இந்தியாதான். தமிழ்நாட்டில் ஆவின் சங்கங்களும் ஆனந்தின் வழியில்தான் நடக்கின்றன.

அது குருட்டுத் துணிச்சலா?

குரியன் கதையைக் கேட்டவுடன் சிலருக்கு ஓர் எண்ணம் வரலாம். நாமும் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மனம் போன வழியில் போகலாமே என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள். அவர் செய்ததை நன்றாகக் கவனியுங்கள்.

ஒன்று: அவர் கையில் தொழில் இருந்தது. தோற்றாலும் வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கும்.

இரண்டு: அப்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை. 1953இல்தான் திருமணம் ஆனது.

மூன்று: அவர் முதலிலேயே வாழ்நாள் முழுவதும் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் என்றுதான் சொன்னார். இறங்கிப் பார்த்தார். ஆழம் தெரிந்தது. பிறகு நின்றார்.

நான்கு: அவர் தனி ஆள் அல்ல. திரிபுவன்தாஸிடம் மக்களின் நம்பிக்கை இருந்தது. தலாயாவிடம் பால் தொழில் அறிவு இருந்தது. விவசாயிகளிடம் பால் இருந்தது.

ஐந்து: சரக்கை வாங்க ஆள் இருந்தது. பம்பாயில் பால் தேவைப்பட்டது.

இந்த ஐந்தும் இல்லாமல் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொல்ல முடியாது. இருக்கும் வேலையிலேயே இருப்பவர் கோழை அல்ல. விட்டுப் போகிறவர் எல்லாரும் வீரர் அல்ல. கணக்குப் பார்த்து முடிவு செய்பவரே கெட்டிக்காரர்.

நம் வீட்டுக் கணக்கு

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உண்மைக் கதை அல்ல. கணக்குக்காகச் சொல்வது.

ஒரு பெண் தையல் கம்பெனியில் வேலை செய்கிறார். மாதம் 10,000 ரூபாய் சம்பளம். சேமநல நிதி உண்டு. நோய் வந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. ஆனால் நாள் முழுவதும் ஒரே வேலை. காலர் தைப்பது மட்டும்தான். அவருக்கு முழு ஜாக்கெட்டும் வெட்டித் தைக்கத் தெரியும். வீட்டிலேயே கடை போட ஆசை. தன் கையால் தைத்த துணியை ஒருவர் உடுத்தி மகிழ்வதைப் பார்க்க ஆசை.

ஒரு ஜாக்கெட் தைக்கக் கூலி 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், கொக்கி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 20 ரூபாய் செலவு. மீதி 100 ரூபாய்.

மாதம் 10,000 ரூபாய் வர எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும்? 10,000ஐ 100ஆல் வகுத்தால் 100. மாதம் 25 நாள் வேலை செய்தால் நாளுக்கு 4 ஜாக்கெட்.

தைக்க அவரால் முடியும். ஆனால் நாளுக்கு 4 ஜாக்கெட் வருமா? தீபாவளிக்கு 10 கூட வரும். கல்யாண மாதத்திலும் வரும். மற்ற மாதத்தில் ஒன்று, இரண்டுதான் வரும். ஆனந்தில் எருமைப் பால் குளிர்காலத்தில் பெருகிக் கோடையில் வற்றியது அல்லவா? அது போலத்தான் இதுவும். பெருகும் மாதத்தில் சேர்த்து வைத்தால்தான் வற்றும் மாதத்தில் அடுப்பு எரியும்.

அந்தப் பெண்ணின் வீட்டுச் செலவு மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விடும் முன் மூன்று மாதச் செலவுப் பணம் கையில் இருக்க வேண்டும். 8,000ஐ 3ஆல் பெருக்கினால் 24,000 ரூபாய்.

அது மட்டும் போதாது. வேலையில் இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்துப் பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். யார் துணி கொடுத்தார், எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு கடன் நின்றது என்று எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் நோட்டே வழி சொல்லும். படிக்க எழுதக் கற்றுக்கொண்டது இதற்கும் உதவும் அல்லவா?

வீட்டில் உள்ளவர்களையும் கேட்க வேண்டும். முடிவு ஒருவருடையதாக இருக்கலாம். சுமை எல்லார் மீதும் விழும். பிள்ளையின் படிப்புப் பணத்தில் கை வைக்கக் கூடாது. கந்து வட்டிக்கு வாங்கித் தொழில் தொடங்கக் கூடாது. வாரா வாரம் வட்டி கட்ட வேண்டி வந்தால் பிடித்த தொழிலும் பிடிக்காமல் போய்விடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் மனம் அந்தப் பக்கமே போகிறதா? கணக்கும் இடம் கொடுக்கிறதா? அப்படியானால் தயங்க வேண்டாம். கணக்கு இடம் கொடுக்கவில்லையா? இன்னும் ஓர் ஆண்டு சம்பளத்தில் இருந்து பணம் சேர்க்கலாம். ஆசையைத் தள்ளிப் போடலாம். தலைமுழுக வேண்டியதில்லை.

குரியன் பால் குடிக்காதவர். ஆனாலும் பால் சங்கத்தில் வாழ்நாளைக் கழித்தார். அவருக்கு நிறைவு தந்தது பால் அல்ல. தன் படிப்பு, எருமை வைத்திருக்கும் ஓர் ஏழை வீட்டுக்குக் காசாகப் போய்ச் சேர்ந்ததுதான். பம்பாய் வேலை அவருக்கு இன்னும் அதிகப் பணம் தந்திருக்கலாம். அந்த நிறைவைத் தந்திருக்குமா?

பயிற்சி

விடை எழுதுங்கள்:
1. குரியன் எந்த ஆண்டு ஆனந்துக்கு வந்தார்?
2. டாடா ஆலை வேலையை அவர் ஏன் விட்டார்?
3. விவசாயிகள் எத்தனை நாள் பால் கொடுக்காமல் இருந்தார்கள்? அதனால் என்ன நடந்தது?
4. பாலைச் சூடாக்கிக் குளிர வைப்பது எதற்காக?

கணக்குப் போடுங்கள்:
ஒரு ஜாக்கெட்டுக்குச் செலவு போக 80 ரூபாய் மட்டும் மிஞ்சினால், மாதம் 10,000 ரூபாய் வர எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும்? 25 நாளில் தைக்க நாளுக்கு எத்தனை?

கூடிப் பேசுங்கள்:
1. அந்தத் தையல் பெண் உங்கள் தங்கையாக இருந்தால் என்ன யோசனை சொல்வீர்கள்? ஏன்?
2. உங்கள் ஊரில் சம்பள வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியவர் உண்டா? அவரை வகுப்புக்கு அழைத்துக் கேளுங்கள். லாபத்தை மட்டும் கேட்காதீர்கள். நஷ்டத்தையும் கேளுங்கள்.
3. ஒருவர் தனியாகச் செய்ய முடியாத தொழிலைப் பத்துப் பேர் சேர்ந்து செய்ய முடியுமா? உங்கள் ஊரில் அப்படி என்ன தொழில் செய்யலாம்?